தொண்ணூறு லிட்டர் டேங்கில் எட்டு லிட்டர்

செல்லூரில் தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்துக்குள் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் பட்டறை வைத்திருக்கிறேன். பெயர் லட்சுமிநாராயணன். எங்கள் வீட்டில் எல்லோரும் நூலோடு போனார்கள், நான் ஒருவன் தகடோடு வந்துவிட்டேன். லாரியோ டிராக்டரோ ஜீப்போ, டீசல் டேங்க் அடித்துப் பொருத்துவதுதான் பிழைப்பு. இருபத்தெட்டு வருஷத்தில் என் கையால் அடித்த டேங்க் ஒன்றே ஒன்றுதான் ஒழுகியது. அந்த ஓட்டையைப் போட்டது நானில்லை. முறைப்படி, ஆட்களை நிற்க வைத்து, கைதட்டிப் போட்ட ஓட்டை அது. அதற்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு.

டேங்கின் சொந்தக்காரன் அழகுமலை. உசிலம்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு செக்போஸ்ட் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே கடைசி பெட்ரோல் பங்க். அங்கிருந்து பத்தொன்பது கிலோமீட்டர் கல்லிலும் குழியிலும் ஏறினால் கருங்கானல். சுற்றியுள்ள நாலு குடியிருப்புகளையும் சேர்த்து நூற்று நாற்பது வீடு. அங்கே ஏறுகிற ஒரே வண்டி அழகுமலையின் பழைய ஜீப்தான். நாலு சக்கரமும் இழுக்கும். ரேஷன் அரிசி, எலுமிச்சை மூட்டை, காய்ச்சல்காரன், கல்யாணக்காரன் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வாரம் முழுக்க மேலேயே சுற்றிவிட்டுச் சனிக்கிழமை டீசல் போடக் கீழே இறங்கும். பழைய டேங்க் நாற்பது லிட்டர். முதல் கியரிலேயே முக்குகிற வண்டிக்கு அது வியாழக்கிழமையோடு சரி. கேனில் கொண்டுபோனால் செக்போஸ்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் பெண்டாட்டி ராக்கம்மாளுக்கு வலி எடுத்தது. பாதி மலையில் டீசல் தீர்ந்தது. பிள்ளை தங்கவில்லை.

போன தை மாதம் என் பட்டறைக்கு வந்தான். ராக்கம்மாளுக்கு மறுபடியும் நாலு மாதம்.

“அண்ணே, தொண்ணூறு லிட்டர் புடிக்கிற மாதிரி ஒண்ணு அடிச்சுக் குடுங்க. இந்தத் தடவ நடுவழியில நிக்கக் கூடாது.”

அடித்தேன். ரெண்டு மில்லி தகடு, உள்ளே டீசல் அலையாமல் இருக்க மூன்று தடுப்பு, காற்றடைத்துச் சோப்புத் தண்ணீர் தடவி ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. பின் சீட்டுக்கு அடியில் வைத்துக் கட்டினேன். பழைய டேங்கும் அது இருந்த இடத்திலேயே இருந்தது. அத்தோடு அவனை மலைக்கு அனுப்பியிருக்கலாம். நான்தான் பெரிய மனுஷன் மாதிரி, “செக்போஸ்ட்டுல பேப்பர் கேப்பான் மாப்ள. ஒப்புதல் வாங்கிக்க” என்றேன்.

“எம்புட்டு நாளாகும்ணே?”

“என்ன, ஒரு வாரம்.”

கூடுதல் எரிபொருள் கொள்கலன் ஒப்புதல் இயக்ககம் விளாங்குடியில், ஒரு வாடகைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. பெயர் நீளம் என்பதால் பலகை பக்கத்துக் கட்டடம் வரைக்கும் போகும். தொடங்கி இருபத்திரண்டு வருஷம். நாற்பத்தொரு பேர் வேலை பார்க்கிறார்கள். இன்றுவரை அவர்கள் ஒப்புதல் கொடுத்த டேங்க் ஒன்றுகூட வெடித்ததில்லை, ஒழுகியதில்லை, தீப்பிடித்ததில்லை. ஏனென்றால் ஒரு டேங்குக்கும் ஒப்புதல் கொடுத்ததில்லை. இதை இயக்குநர் அனந்தராமன் ஒளித்துப் பேசுகிறவர் அல்ல. நானும் கூடப் போயிருந்த முதல் நாளே எங்களிடம் பெருமையாகச் சொன்னார்.

“பாதுகாப்புல நாங்க நூத்துக்கு நூறு. இந்த ரெக்கார்டை உடைக்கணும்னு வர்றவங்ககிட்ட நாங்க கொஞ்சம் கவனமாத்தான் இருப்போம். தப்பா எடுத்துக்காதீங்க.”

அழகுமலை தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் எதையும் தப்பாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவன். கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

டேங்க் வண்டிக்கு அடியில் இருந்தது, அதிகாரிகள் மாடியில் இருந்தார்கள். வண்டியைக் கவிழ்த்துக் காட்ட முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றதும் அதை ஒரு குறையாக எழுதிக்கொண்டார்கள். அடுத்தது படிவத்தில் பதினோராவது பத்தி: தூரத்தின் அவசியம். மலைமேல் பங்க் இல்லை என்று அழகுமலை எழுதியிருந்தான். சட்டப் பிரிவு அலுவலர் மைத்ரேயி மேடம் அதில் பேனாவை ஊன்றினார்.

“பங்க் இல்லைங்கிறதுக்கு என்ன ஆதாரம்?”

“இல்லைங்கம்மா. நான் அங்கனதான் பொறந்தேன்.”

“நீங்க பார்த்த இடத்துல இல்ல. பார்க்காத இடத்துல இருக்கலாம் இல்லையா? எந்தெந்த இடத்துல இல்லைன்னு சர்வே நம்பரோட எழுதிக் கொண்டாங்க. நாங்க வந்து இல்லாததை நேர்ல பார்த்துச் சான்று தருவோம்.”

நாலு பேர் கொண்ட குழு அவன் ஜீப்பிலேயே மலைக்குப் போனது. பங்க் இல்லாத இடங்கள் நிறைய இருந்ததால் மூன்று நாள் ஆனது. ஒவ்வொரு இடத்திலும் அழகுமலையை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அவனுக்குப் பின்னால் பாறை இருந்தது, புதர் இருந்தது, ஒரு படத்தில் ஆடு இருந்தது. ‘படத்தில் காணப்படாதது பெட்ரோல் பங்க்’ என்று கீழே எழுதி முத்திரை வைத்தார்கள். மூன்று நாளும் ராக்கம்மாள்தான் கோழி அடித்துப் போட்டாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் தண்ணீர் சுமந்ததைப் பார்த்த ஒரு அதிகாரி, “பாவம், ஆஸ்பத்திரிக்கெல்லாம் எப்படிப் போவீங்க?” என்று கேட்டாராம். அதற்காகத்தான் சார் இந்த டேங்க் என்று இவன் சொன்னானாம். அவர், “அதை நீங்க பதினோராவது பத்தியில எழுதலையே” என்றாராம்.

எழுதினான். அப்படியானால் இது மருத்துவக் காரணம், வேறு படிவம் என்றார்கள். அதையும் எழுதினான். படிவம் மாறியதால் பங்க் இன்மைச் சான்று செல்லாது என்றார்கள். குழு இன்னொரு தடவை போய், அதே பாறையையும் புதரையும் பார்த்துவிட்டு வந்தது. ஆடு மட்டும் அந்தத் தடவை இல்லை. அது ஏன் இல்லை என்று ஒரு விளக்கக் கடிதம் வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு வண்டியையே பிடித்து வைத்துக்கொண்டார்கள். மாற்றம் நிலுவையில் உள்ள வாகனம் சாலையில் ஓடக் கூடாதாம். ஆறு வாரம் அந்த ஜீப் கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்றது. நூற்று நாற்பது வீட்டுக்காரர்கள் அரிசியைத் தலையில் சுமந்துகொண்டு ஏறினார்கள். அழகுமலை வாரத்துக்கு ரெண்டு தடவை மலை இறங்கி, பஸ் மாறி, விளாங்குடி வந்து, மாடிப்படியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவான். போகிற வழியில் என் பட்டறையில் தண்ணீர் குடிப்பான்.

“என்ன சொல்றாய்ங்க மாப்ள?”

“நல்லாத்தான் பேசுறாகண்ணே. உக்காரச் சொல்றாக. ராக்கம்மாளுக்கு எட்டாம் மாசம் பொறந்துருச்சு. ஒம்போதாவது பொறக்கவும் கீழ எறக்கிக் கொண்டாந்துரணும்.”

ஒருநாள் கடிதம் வந்தது. எல்லாம் சரி, எண் பொறிக்கும் வேலை மட்டும் பாக்கி, தயாரிப்பாளரும் வர வேண்டும் என்று. நான் சட்டையை மாற்றிக்கொண்டு போனேன்.

தகரக் கொட்டகையில் நாற்பத்தொரு பேரும் நின்றார்கள். வாழைமரம் கட்டியிருந்தது. டேங்கைக் கழற்றி மேஜைமேல் வைத்துச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். எண் பொறிப்பாளர் காளை புது வேட்டி கட்டியிருந்தார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவர் கைக்கு வந்த முதல் டேங்க் அது. அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். கை மறந்துவிடக் கூடாது என்று தினமும் காலையில் பத்து மணிக்கு ஒரு தண்டவாளத் துண்டை எடுத்து வைத்து அதில் எண் அடித்துப் பழகுவாராம். இருபத்திரண்டு வருஷமும் தண்டவாளத்தில்.

அதைக் கேட்டதும் அவர் பக்கத்தில் போனேன். “அண்ணே, இது ரெண்டு மில்லி தகடு. மெதுவாத் தட்டணும்” என்றேன். காளை கேட்டுக்கொண்டார். ஆனால் அதற்குள் அனந்தராமன் பேச ஆரம்பித்துவிட்டார்.

“இந்த இயக்ககம் ஒண்ணும் செய்யறதில்லைன்னு வெளியில பேசறாங்க. ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்கு எவ்வளவு உழைப்பு வேணும்னு அவங்களுக்குத் தெரியாது. ஒரு மனுவை நிறுத்தறதுக்குப் பதினேழு பேர் படிக்கணும். இன்னைக்கு முதல் தடவையா ஒரு மனு எங்களைத் தாண்டி வந்திருக்கு. இதை எங்க தோல்வின்னு நினைக்காதீங்க. இந்தக் குடிமகனோட பொறுமைக்கு நாங்க கொடுத்த பயிற்சி அப்படி.”

கைதட்டினார்கள். அழகுமலையும் தட்டினான்.

முதல் டேங்க் என்பதால் எண் 0001. விதிப்படி இடது கீழ் மூலையில், அடியிலிருந்து ஒன்றரை அங்குல உயரத்தில் அடிக்க வேண்டும். காளை பூஜ்ய அச்சை வைத்தார். கண்ணை மூடிக் கும்பிட்டார். சுத்தியலை ஓங்கினார்.

பூஜ்யத்தின் நடுவில் இருந்த தகடு அப்படியே வெட்டுப்பட்டு உள்ளே விழுந்தது. டேங்குக்குள் அது சுற்றிச் சுற்றி ஓய்கிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. காளைக்கு முகம் செத்துவிட்டது. அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. மீதி எண்களைப் பூப்போல அடித்தார். ஒருவரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை, பாயசம் கொடுத்தார்கள்.

நான் அனந்தராமனிடம் போனேன். “சார், புது டேங்க். டீசல் படல. ரெண்டு நிமிஷத்துல பத்தவச்சு அடைச்சிருவேன். நம்பரைப் பக்கத்துல அடிச்சுக்கலாம்.”

மைத்ரேயி மேடம் குறுக்கே வந்தார். “எதை அடைப்பீங்க?”

“ஓட்டையைத்தாம்மா.”

“அது ஓட்டை இல்ல. அரசு எண்ணோட முதல் பூஜ்யம். பொறிச்ச எண்ணை அடைக்கறது, அழிக்கறது, மேல பூசறது மூணும் குற்றம். விதி பதினாலு.”

“டீசல் ஒழுகுமேம்மா.”

“பூஜ்யம் வழியா ஒழுகும். அதை எப்படிக் கையாளறதுன்னு குழு முடிவு பண்ணும்.”

குழு மூன்று தடவை கூடியது. எண்ணை மாற்ற முடியாது, ஆகவே டீசலை மாற்றலாம் என்று முடிவாயிற்று. டீசல் எப்போதும் பூஜ்யத்துக்குக் கீழேயே நிற்க வேண்டும். ஒன்றரை அங்குலத்துக்குக் கணக்குப் போட்டதில் எட்டு லிட்டர் வந்தது. ஒரு வாகனத்துக்கு ஒரு கொள்கலன்தான் என்பதால் பழைய டேங்கைக் கழற்றி இயக்ககத்தில் ஒப்படைக்க வேண்டும். அது ஆவண அறையில் கோப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

சான்றிதழை அழகுமலை எழுத்துக் கூட்டிப் படித்தான். வகை: நீண்டதூரக் கொள்கலன். கொள்ளளவு: தொண்ணூறு லிட்டர். அனுமதிக்கப்பட்ட அளவு: எட்டு லிட்டர். உறுதிப்படுத்தப்பட்ட தூரம்: இருபத்தெட்டு கிலோமீட்டர்.

“சார், பழைய டேங்குல நாப்பது லிட்டர் புடிக்கும்.”

“அது சாதாரண டேங்க். இது நீண்டதூர டேங்க்” என்றார் அனந்தராமன்.

“இருவத்தெட்டு கிலோமீட்டர்தான சார் போட்டிருக்கு?”

“நீண்டதூரம்ங்கறது வகை. இருபத்தெட்டுங்கறது அளவு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. படிச்சவங்களே இதுல தடுமாறுறாங்க, உங்களைச் சொல்லிக் குத்தமில்ல.”

“அப்ப அந்தப் பழசையே குடுத்துருங்க சார். மாட்டிக்கிறேன்.”

“அது மாற்றத்தை மாற்றுறது. அதுக்கு வேற பிரிவு இருக்கு. இன்னும் ஆள் போடல.”

அன்று திங்கட்கிழமை. வண்டியை எடுத்துக்கொண்டு நேராக என் பட்டறைக்கு வந்தான். சந்துக்குள் ஜீப்பை நிறுத்திவிட்டு, இறங்காமலே சொன்னான். “அண்ணே, இத அடைச்சுருங்க. மேல சந்தனம் தடவிக்கலாம். யாரு குனிஞ்சு பாக்கப்போறா?”

என் கையில் அப்போது வெல்டிங் கம்பி இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உத்தரவின் நகல் ஒன்று எனக்கும் வந்திருந்தது. எண் சிதைந்தால் தயாரிப்பாளரே பொறுப்பு, பட்டறைக்கு சீல் வைக்கப்படும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

“வேணாம் மாப்ள. பட்டறையப் பூட்டிருவாய்ங்க” என்றேன்.

அவன் வண்டியைக் கிளப்பினான். “சரிண்ணே. எட்டு லிட்டருக்கு ஒருதடவ ஏறிரலாம். வரும்போது எறக்கந்தான, நியூட்ரல்ல விட்டுக்கிறேன். இன்னைக்கே அவளக் கொண்டாந்து உசிலம்பட்டியில ஒரு ரூம்பு புடிச்சு வச்சுர்றேன். வாரேன்ணே” என்று போய்விட்டான்.

பங்க்கில் டீசல் போட்டுக்கொண்டு போனவனைச் செக்போஸ்ட்டில் சான்றிதழைப் பார்த்து மரியாதையாக நடத்தினார்களாம். குச்சி விட்டு அளந்ததில் அரை லிட்டர் கூடுதலாக இருந்தது. அதை உறிஞ்சி எடுத்துவிட்டு அனுப்பினார்கள்.

மேலே போய்ச் சேர்ந்தபோது ராக்கம்மாளுக்குக் காலையிலிருந்து வலி. எட்டாம் மாதம் முடியவில்லை. வண்டியைத் திருப்பி அவளை ஏற்றினான். இறக்கத்தில் எல்லாம் இன்ஜினை அணைத்து அணைத்து விட்டான். ஒன்பதாவது கிலோமீட்டரில் ஒரு சின்ன ஏற்றம். தென்னைமர உயரம்கூட இருக்காது. அதில் வண்டி இருமிவிட்டு நின்றுபோனது.

பின் சீட்டைக் கழற்றி அதில் அவளைப் படுக்க வைத்து, பேயாண்டி என்கிற ஊர்க்காரரும் இன்னும் மூன்று பேரும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பத்து கிலோமீட்டர். வழியிலேயே பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை. அழவில்லை. அழகுமலை அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அழும் அழும் என்று முதுகைத் தட்டிக்கொண்டே அடிவாரம் வரைக்கும் வந்திருக்கிறான். ராக்கம்மாள் பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் நான் உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வராந்தாவில் அவன் குத்தவைத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் அனந்தராமன் வந்தார். கூடவே மைத்ரேயி மேடம், ஒரு போட்டோக்காரர், பொன்னாடை. செய்தி கேட்டுத் துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். மனுஷன்தானே.

அவர் அழகுமலையை எழுப்பி நிறுத்திப் பொன்னாடையைப் போட்டார்.

“செக்போஸ்ட்டுல இருந்து ரிப்போர்ட் வந்தது. வண்டி சரியா எங்க நின்னிருக்கு தெரியுமா? மேல பத்தொன்பது, கீழ ஒன்பது, இருபத்தெட்டாவது கிலோமீட்டர். ஒரு மீட்டர் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. இருபத்திரண்டு வருஷமா எங்க கணக்கை யாரும் சோதிச்சுப் பார்த்ததில்லை. நீங்க பார்த்துட்டீங்க. உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. எங்க சான்றிதழ் உங்களை ஏமாத்தலை. இந்தக் காலத்துல வேற எதை அப்படிச் சொல்ல முடியும்?”

அழகுமலை அவர் சொன்னதைக் கவனமாகக் கேட்டான். பிறகு தோளில் கிடந்ததைத் துண்டு என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் துடைத்தான். சரிகை கீறியிருக்கும். போட்டோக்காரர் அதையும் எடுத்தார்.

எனக்கும் ஒன்று தந்தார்கள். ‘ஒப்புதல் பெற்ற கொள்கலன் தயாரிப்பாளர்’ என்று பித்தளைப் பலகை. ஆவண அறையில் இருக்கிற அழகுமலையின் பழைய டேங்கோடு சேர்த்து, அனந்தராமன் முகத்தில் விட்டெறிந்துவிட்டு வந்திருக்க வேண்டும். வாங்கிக்கொண்டு வந்து பட்டறையில் மாட்டினேன். அது மாட்டிய பிறகு வேறு எந்த ஆபீஸ்காரனும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. வேலையும் கூடியிருக்கிறது. சோற்றில் கை வைக்கும்போது மட்டும் சில நாள் அந்த ரெண்டு நிமிஷ வேலை நினைவுக்கு வரும். நாசமாய்ப் போக என்று யாரையோ திட்டுவேன். யாரை என்று பெண்டாட்டி கேட்டால் சொல்லத் தெரியாது.

பதினாறு நாள் கழித்து அழகுமலை வந்தான். இளைத்திருந்தான். ஜீப்பைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். ஜீப் நின்ற பக்கம், காளை அடித்த பூஜ்யத்தைத் தொட்டுக் காட்டுகிறவன் போலக் கையை நீட்டிக்கொண்டு பேசினான்.

“அண்ணே, அத அடைச்சுக் குடுங்க. பேயாண்டி மருமகளுக்கு இது ஏழாவது மாசம். எனக்காக இல்ல.”

நான் வெளியே எட்டிச் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தேன். யாருமில்லை. கம்பி சூடாக இருந்தது. முகமூடியைக்கூட எடுத்தேன். பிறகு என்னையும் அறியாமல் அதைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.

“அவசரப்படாத மாப்ள. இப்ப நான் ஒப்புதல் பெற்ற ஆளு. நானே எழுதிக் கேட்டா மதிப்பாய்ங்க. நீ ஒரு மனு மாதிரி எழுதி இங்க குடுத்துட்டுப் போ. எந்தப் பிரிவுல வருதுன்னு நான் பாத்துச் சொல்றேன். ஒரு வாரம்.”

அழகுமலை என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. விளாங்குடி மாடிப்படியில் நிற்கிறவன் மாதிரி இரண்டு கையையும் மெதுவாகக் கட்டிக்கொண்டான்.

“சரிங்க சார்” என்றான்.